தட்டிப் பழகுவோம்: கார் தகர வேலை பற்றி வாசகர் கேள்விகள்

கார் பாடி வேலையை வீட்டிலேயே செய்து பழக நினைக்கிறவர்களிடமிருந்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, எல்லோருக்கும் பயன்படும் என்று தோன்றியவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணே, எனக்குத் திருமங்கலம். கப்பலூர் சிட்கோவில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். தாத்தாவின் அம்பாசடர் ஷெட்டில் நிற்கிறது. முன் மட்கார்டு இரண்டிலும் அடிப்பக்கம் துரு அரித்துவிட்டது. கடையில் கொடுக்காமல் நானே தகரம் வெட்டி, தட்டி, வளைத்து ஒட்டுப் போட ஆசை. இதுவரை சுத்தியல் பிடித்து வேலை செய்ததில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது, என்னென்ன வாங்குவது?

ஆசை நல்ல ஆசை தம்பி. ஆனால் இப்போதைக்கு அந்தக் காரைத் தொட வேண்டாம். அது நின்ற இடத்திலேயே நிற்கட்டும், மேலே ஒரு துணியைப் போட்டு மூடி வையுங்கள்.

முதலில் கையில் எடுக்க வேண்டியது சுத்தியல் இல்லை, காகிதம். பழைய காலண்டர் தாள் ஒன்றை மட்கார்டின் நல்ல பகுதி மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் படிய வையுங்கள். தட்டையான இடத்திலும் ஒரே பக்கம் வளைந்த இடத்திலும் தாள் அழகாக ஒட்டிக்கொள்ளும். இரண்டு பக்கமும் வளைந்த இடம் வந்ததும் அடம்பிடிக்கும். ஒன்று ஓரத்தில் சுருக்கம் விழும், இல்லையென்றால் எங்கேயாவது கத்திரியால் கீறிவிட்டால்தான் படியும், கீறிய இடம் வாயைப் பிளந்துகொள்ளும். இந்த இரண்டையும் பென்சிலால் குறித்துவிடுங்கள். சுருக்கம் விழுந்த இடத்தில் தகரம் அதிகம், அதைச் சுருக்க வேண்டும். வாய் பிளந்த இடத்தில் தகரம் போதாது, அங்கே அடித்து நீட்ட வேண்டும். தகரத்தை உருவாக்கும் வேலை என்பது சுருக்குவது, நீட்டுவது, மடிப்பது என்ற இந்த மூன்றுதான். எங்கே எது என்று தெரியாமல் அடிக்க ஆரம்பிப்பதால்தான் புதிதாக வருகிறவர்கள் பாதித் தகரத்தைக் காயலான் கடைக்குக் கொடுக்கிறார்கள்.

சாமான்கள் விஷயத்துக்கு வருகிறேன். பெரிய செட் எதுவும் வாங்க வேண்டாம். ஒரு கொட்டாப்புளி, அதாவது மரச் சுத்தியல், ஒரு பக்கம் உருண்டையாக இருக்கிற பால் பீன் சுத்தியல், டிங்கரிங் சுத்தியல் ஒன்று, நல்ல தகரக் கத்திரி, பின்பக்கம் முட்டுக் கொடுக்க டாலி, இவ்வளவு போதும். டாலியைக் கடையில் வாங்கலாம். பழைய லாரி ஆக்ஸில் துண்டு ஒன்றை லேத் பட்டறையில் கொடுத்து, ஒரு முகம் தட்டையாகவும் ஒரு முகம் லேசான உருண்டையாகவும் கடைந்து வாங்கினாலும் அதே வேலையைச் செய்யும். ரயில் தண்டவாளத் துண்டு இதற்கு அருமையாக இருக்கும் என்று யாராவது கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதீர்கள். ரயில்வே சொத்தை முறையில்லாமல் வைத்திருப்பது குற்றம், அதற்கென்றே 1966-ல் வந்த சட்டம் இருக்கிறது.

அடியில் வைத்து அடிக்க ஒரு கட்டை வேண்டும். கறிக்கடையில் போட்டிருப்பார்களே, புளியங்கட்டை, அதே மாதிரி ஒன்றை மர அறுவை மில்லில் கேட்டு வாங்குங்கள். மேல்முகத்தில் ஆறு அங்குல அகலத்துக்கு, நடுவில் ஒரு அங்குல ஆழம் வருகிற மாதிரி குழியாகச் செதுக்கித் தரச் சொல்லுங்கள். வெளிநாட்டுக்காரர்கள் தோல் பையில் மணல் நிரப்பி அதன்மேல் வைத்து அடிப்பார்கள். அதுவும் நல்லதுதான், ஆனால் பழகுகிறவருக்குக் கட்டை போதும். காலத்துக்கும் நிற்கும்.

வாங்கிய சுத்தியலை அப்படியே பயன்படுத்தாதீர்கள். முகத்தைத் தடவிப் பாருங்கள், கடையில் இருந்து வரும்போதே கோடும் பொரியும் இருக்கும், ஓரம் கூராக இருக்கும். ஓரத்தை அரத்தால் மழுக்கி, முகத்தை 220 எமரி, அப்புறம் 400 எமரி போட்டு, கடைசியாக பஃப் (பாலிஷ் போடுகிற துணிச் சக்கரம்) பிடித்து உங்கள் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்குங்கள். சுத்தியலில் என்ன கீறல் இருக்கிறதோ அது ஒவ்வொரு அடிக்கும் தகரத்தில் அச்சாக விழும். டாலிக்கும் இதே கதைதான். பிறகு அந்தச் சுத்தியலால் ஆணி அடிப்பதோ உளியைத் தட்டுவதோ கூடாது, வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

இனி பயிற்சி. எட்டு அங்குல வட்டமாகத் தகரம் வெட்டுங்கள், ஓரத்தை அரம் போட்டு மழுக்குங்கள். குழியின் மேல் வைத்து, ஓரத்திலிருந்து ஆரம்பித்து வட்ட வட்டமாக நடுவை நோக்கி அடித்துக்கொண்டே வாருங்கள். கிண்ணம் மாதிரி குழிய ஆரம்பித்ததும் ஓரம் பாவாடைக் கொசுவம் போல அலை அலையாக எழும்பும். எல்லோரும் அங்கேதான் பயந்து கத்திரியை எடுக்கிறார்கள். வெட்டாதீர்கள். அந்த அலை ஒவ்வொன்றையும் கட்டையின் தட்டையான பகுதியில் வைத்து, மடிந்து ஒன்றன்மேல் ஒன்று விழாமல், கொட்டாப்புளியால் உள்ளே இருந்து வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிக்கொண்டே போனால் தகரம் தனக்குள்ளேயே அமுங்கி, ஓரம் கொஞ்சம் தடித்துவிடும். இதுதான் சுருக்குவது. மதுரையில் செம்புக் குடமும் பித்தளை அண்டாவும் கையால் அடித்து உருவாக்கிய பெரியவர்களிடம் இருந்த வித்தை இதுதான். இன்னும் கை வேலை செய்கிற பாத்திரக்காரர் யாராவது உங்களுக்குத் தெரிந்தால், அவர் பக்கத்தில் ஒரு நாள் சும்மா உட்கார்ந்து பாருங்கள். அவர் எங்கே அடிக்கிறார் என்பதைவிட எங்கே அடிக்காமல் விடுகிறார் என்று கவனியுங்கள்.

ஓரம் சமமாக, கிழியாமல், ஒரே ஆழத்தில் இரண்டு கிண்ணம் ஜோடியாக வந்துவிட்டால், மட்கார்டுக்குப் போகலாம். இடது வலது என்று ஜோடியாகச் செய்யத் தெரிவதுதான் கார் வேலைக்கு வேண்டியது.

மேலூரிலிருந்து எழுதுகிறேன். தகரக் கடைக்குப் போனால் எத்தனை கேஜ் என்று கேட்கிறார்கள். எதை வாங்குவது? வீட்டுக் கூரை போட்டதில் மிச்சமான ஜிஐ ஷீட் இருக்கிறது, அதில் பழகலாமா?

இருபது கேஜ் வாங்குங்கள், சுமார் 0.9 மில்லிமீட்டர் வரும். 22 என்றால் 0.7, 18 என்றால் 1.2. எண் கூடக் கூடத் தகரம் மெலியும், இதை மாற்றிச் சொல்லிவிட்டு வருகிறவர்கள் உண்டு. காருக்கு வாங்கும்போது அந்தக் காரில் துருப்பிடிக்காத இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு கேலிப்பரால் அளந்து அதற்கு ஒட்டி வாங்குவதுதான் சரி.

கடையில் சிஆர் ஷீட் (குளிர்ந்த நிலையில் உருட்டியது) என்று கேளுங்கள், எச்ஆர் (சூடாக உருட்டியது) வேண்டாம், அதன் மேல் கறுப்பாகப் பொருக்கு படிந்திருக்கும். சிஆரிலும் தரம் உண்டு. கிடைத்தால் இடிடி என்று கேட்டு வாங்குங்கள், ஆழமாக இழுத்து உருவாக்குவதற்கென்றே செய்த மெதுவான தகரம், சொன்னபடி கேட்கும். எட்டுக்கு நாலு முழு ஷீட் 0.9-ல் இருபது கிலோவுக்குச் சற்று மேலே வரும். பழகுவதற்கு முழு ஷீட் வேண்டியதில்லை, பீரோ செய்கிற பட்டறைகளில் விழுகிற வெட்டுத் துண்டுகளே போதும்.

கூரையில் மிஞ்சிய ஜிஐ ஷீட் வேண்டாம். கூரைத் தகரம் பெரும்பாலும் விறைப்பாக இருப்பதற்காகச் செய்தது, குழி விழுவதற்குள் கிழிந்துவிடும். அதைவிட முக்கியம், அதன்மேல் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. வெல்டிங் வைத்தாலோ காய்ச்சினாலோ வெள்ளையாகப் புகை வரும், அதைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர் காய்ச்சல் மாதிரி உடம்பைத் தூக்கிப் போடும். எவர்சில்வர் தகரத்திலும் பழகாதீர்கள். நாலு அடி விழுந்ததுமே இறுகிப் போகிற ஜாதி அது.

சோழவந்தான் வாசகன் நான். தோப்பில் நிறுத்தியிருந்த மாருதி 800 கூரையில் தேங்காய் விழுந்து ஒடுக்கு. உள்ளே இருந்து சுத்தியலால் நன்றாக அடித்து எடுத்தேன். இப்போது பழையதைவிடப் பெரிதாகத் தெரிகிறது, கை வைத்தால் டொப்பென்று உள்ளே போகிறது, விட்டால் டொப்பென்று வெளியே வருகிறது. என்ன செய்வது?

தகரம் நீண்டுவிட்டது. இருக்கிற இடத்துக்கு அதிகமாகத் தகரம் இருக்கிறது, அதனால் உள்ளே போவதா வெளியே வருவதா என்று தெரியாமல் ஆடுகிறது. கார் கூரை போல அகலமான, லேசான வளைவுள்ள இடத்தில் இது சீக்கிரம் வரும். இனி ஒரு அடிகூட அடிக்காதீர்கள், ஒவ்வொரு அடியும் இன்னும் நீட்டும்.

எதனால் நீண்டது என்று புரிந்துகொண்டால்தான் சரிசெய்ய வரும். தேங்காய் விழுந்தபோது குழியின் நடுப்பகுதிக்கு அவ்வளவு சேதம் இருந்திருக்காது. குழியைச் சுற்றி ஒரு விளிம்பு, வளையம் மாதிரி மேடாக எழும்பியிருக்குமே, அதுதான் குழியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த மேட்டை விடுவித்தால் நடு தானே எழும்பிவரும். நீங்கள் மேட்டை விட்டுவிட்டு நடுவில் அடித்துவிட்டீர்கள். ஒடுக்கு எடுக்கும்போது ஞாபகம் வைக்க வேண்டியது இதுதான்: கடைசியாக நசுங்கியதை முதலில் எடுக்க வேண்டும்.

டாலி வைத்து அடிப்பதில் இரண்டு விதம் உண்டு. சுத்தியல் விழுகிற இடத்துக்கு நேர் பின்னால் டாலி இருந்தால், தகரம் இரண்டு இரும்புக்கு நடுவில் நசுங்கி மெலிந்து நீளும். டிங்கென்று மணிச் சத்தம் வரும், அடித்த இடத்தில் பட்டாணி அளவுக்குப் பளிச்சென்று ஒரு பொட்டு தெரியும். டாலியைக் குழியின் அடியில் மேல்நோக்கி அழுத்திக்கொண்டு, சுத்தியலால் பக்கத்தில் இருக்கிற மேட்டைத் தட்டினால், சத்தம் டப்பென்று மொத்தையாக வரும். மேடு இறங்கும், அதே நேரம் குழி ஏறும், தகரம் அவ்வளவாக நீளாது. ஒடுக்கு எடுக்கிறதில் முக்கால்வாசி இந்த இரண்டாவது விதம்தான். மணிச் சத்தம் கடைசியில், மேற்பரப்பைச் சமன்படுத்தும்போது மட்டும், மெதுவாக. பழைய டிங்கர்கள் வேறெங்கோ பார்த்துக்கொண்டே அடிப்பார்கள், காது சொல்லிவிடும்.

இப்போது உங்கள் கூரைக்கு வைத்தியம். கூரைக்கு உள்பக்கம் இருக்கிற துணி, ரெக்சின், ஒலியடக்கும் பஞ்சு எல்லாவற்றையும் முழுதாகக் கழற்றி எடுத்துவிடுங்கள், பெயிண்டையும் அந்த இடத்தில் சுரண்டிவிடுங்கள். தகரத்தை வெளியே வந்த நிலையில் நிறுத்தி, உப்பலின் உச்சி எது என்று உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். நடுவில் மெல்லிய பருத்தித் துணி ஒன்றை வைத்துத் தடவினால் மேடுபள்ளம் இன்னும் நன்றாகத் தெரியும். அந்த உச்சியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மட்டும் சின்ன டார்ச்சால் சிவக்கக் காய்ச்சுங்கள். சுற்றிலும் இருக்கிற குளிர்ந்த தகரம் அதை விரியவிடாது, அதனால் சின்னக் கொப்புளம் போல மேலே எழும்பும். சிவப்பு மங்குவதற்குள் அடியில் டாலியை லேசாகப் பிடித்துக்கொண்டு, கொப்புளத்தைச் சுற்றி இரண்டு மூன்று தட்டு, அப்புறம் நடுவில் ஒன்று, உடனே ஈரத்துணி. ஆறும்போது அந்த இடம் சுற்றியுள்ள தகரத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும்.

ஒரு பொட்டு வைத்ததும் நிறுத்தி, முழுதாக ஆறவிட்டுத் தடவிப் பாருங்கள். டொப் சத்தம் குறைந்திருக்கும். தேவையென்றால் அடுத்த உச்சியைத் தேடி இன்னொரு பொட்டு. வரிசையாகப் பத்துப் பொட்டு வைத்துவிட்டால் கூரை மறுபக்கம் இழுத்துக்கொண்டு சுருங்கிவிடும், அப்போது மணிச் சத்தம் வருகிற மாதிரி லேசாகத் தட்டி நீட்டிச் சரிக்கட்ட வேண்டும். இதை முதன்முதலாகக் கூரையில் செய்யாமல், காயலான் கடையில் ஒரு பழைய டோர் வாங்கிவந்து, வேண்டுமென்றே நசுக்கி, நீட்டி, அதில் செய்து பழகிவிட்டு வாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் மேலே மார்க்கர் மையைத் தடவி, நீளமான கட்டையில் எமரி சுற்றி நாலு இழுப்பு இழுங்கள். மேடு பளபளக்கும், பள்ளத்தில் மை அப்படியே நிற்கும். கண்ணுக்கும் கைக்கும் தப்பியதெல்லாம் அதில் தெரிந்துவிடும். அதன்பிறகு மிஞ்சுகிற துளிப் பள்ளத்துக்குப் பட்டி (பூசினால் இறுகும் களிம்பு) வைக்கலாம், அதில் தப்பில்லை. அரை அங்குலப் பள்ளத்தைப் பட்டியால் ரொப்புவதைத்தான் நான் கண்டிப்பாக வேண்டாம் என்கிறேன். நம்மூர் சித்திரை வெயிலில் நிற்கிற கார்க் கூரையைத் தொட்டுப் பாருங்கள், அந்தச் சூட்டில் தகரம் ஒரு அளவு விரியும், பட்டி ஒரு அளவு விரியும். கனமாக வைத்த பட்டி சீக்கிரமே வெடித்து, வெடிப்பு வழியாகத் தண்ணீர் போய், அடியில் துரு பிடிக்க ஆரம்பித்துவிடும்.

உசிலம்பட்டி. இங்கிலீஷ் வீல் என்ற மிஷின் வாங்கினால்தான் நல்ல வேலை வரும் என்று நண்பர் சொல்கிறார். வாங்கலாமா?

இப்போது வேண்டாம். மேலே ஒரு தட்டை உருளை, கீழே உருண்டையான உருளை, நடுவில் தகரத்தை முன்னும் பின்னும் ஓட்டினால் நீண்டு வளையும், அடித்த தழும்பும் மறையும். அருமையான மிஷின், ஆனால் அது நீட்ட மட்டும்தான் செய்யும், சுருக்காது. சுருக்கத் தெரியாதவர் கையில் அது வந்தால் எல்லாத் தகரமும் தொப்பை போட்டுத்தான் வெளியே வரும். ஒரு வருஷம் கையால் செய்யுங்கள், பிறகும் ஆசை இருந்தால் வாங்குங்கள்.

வாடிப்பட்டியிலிருந்து. பத்மினி காரில் டிரைவர் காலடித் தரை ஓட்டையாகிவிட்டது. வீட்டில் ஆர்க் வெல்டிங் மிஷின் இருக்கிறது. தகரம் வைத்துப் பற்றவைத்தால் ஒட்டுவதற்குப் பதிலாக ஓட்டை பெரிதாகிறது. வேறு வழி?

கேட் செய்கிற மிஷினால் கார்த் தகரத்தைப் பற்றவைக்க முடியாது என்பதுதான் உண்மை. குறைந்த கரண்டில், மெல்லிய ராடு வைத்து, தொட்டுத் தொட்டு எடுத்து ஒட்டிவிடுகிற கைகாரர்கள் இருக்கிறார்கள், ஆனால் புதியவருக்கு அது வராது. இதற்கு சிஓடூ வெல்டிங்தான், அதாவது வாயுவின் மறைவில், தானாக ஓடிவரும் கம்பியால் பற்றவைப்பது, 0.8 மில்லிமீட்டர் கம்பி போட்டு.

மிஷின் வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. பழுதை வெட்டி எடுத்து, ஒட்டுத் துண்டைச் சரியான வடிவத்துக்குத் தட்டிப் பொருத்தி வைக்கிற வேலையை நீங்கள் செய்யுங்கள், பற்றவைக்க மட்டும் ஒரு வெல்டரைக் கூப்பிடுங்கள். துருவை வெட்டும்போது தயவு பார்க்காதீர்கள். ஓட்டை உள்ளங்கை அளவு தெரிந்தால் துரு இரண்டு கை அகலத்துக்குப் போயிருக்கும். கிரைண்டர் பொறி பளிச்சென்று வெள்ளைத் தகரத்தைக் காட்டுகிற வரை வெட்டுங்கள். துண்டை மேலே ஏற்றி ஒட்டாமல் விளிம்போடு விளிம்பாகப் பொருத்துங்கள், ஏற்றி ஒட்டினால் இரண்டு தகரத்துக்கும் நடுவில் தண்ணீர் தங்கி மறுபடி அரிக்கும். முதலில் அங்குலத்துக்கு ஒரு பொட்டு, அதுவும் வரிசையாக இல்லாமல் இங்கொன்று அங்கொன்று, நடுவில் ஆறவிட்டு. வெல்டர் அவசரப்பட்டு ஒரே இழுப்பாக இழுக்க விடாதீர்கள், சூட்டில் தகரம் நெளிந்துவிடும். பற்று ஆறும்போது சுருங்கும், அதை டாலி வைத்து மணிச் சத்தம் வருகிற மாதிரி தட்டி நீட்டினால் நெளிவு தானாகப் போகும்.

இரண்டு எச்சரிக்கை, இதை மட்டும் தயவுசெய்து விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்மினிக்கும் சரி, அம்பாசடருக்கும் சரி, லாரி மாதிரித் தனியாகச் சேஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. உடம்பேதான் சேஸ். காலடித் தகரத்தில் ஒரு ஒட்டு நீங்கள் போடலாம். கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டி மாதிரியான பகுதி, தூண்கள், சஸ்பென்ஷன் பிடித்திருக்கிற இடங்கள் அரித்திருந்தால் அனுபவம் உள்ள பட்டறைக்கு விடுங்கள், அவை உங்கள் குடும்பத்தைத் தாங்குகிறவை. அடுத்தது தீ. பேட்டரி வயரைக் கழற்றி, கார்பெட், சீட் எல்லாம் வெளியே எடுத்து, பெட்ரோல் பைப் எந்த வழியாக ஓடுகிறது என்று அடியில் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் பொறி பறக்கிற வேலையைத் தொடங்க வேண்டும். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் டேங்கை மட்டும் எந்தக் காலத்திலும் வீட்டில் பற்றவைக்காதீர்கள். காலியான டேங்கில்தான் ஆவி நிறைந்திருக்கும், வெடிப்பது அதுதான்.

பசுமலையில் இருக்கிறேன் சார், பாலிடெக்னிக் மாணவி. கல்லூரிப் போட்டி வண்டிக்கு அலுமினியத்தில் சின்ன மூடி ஒன்று கையால் செய்கிறோம். நன்றாக வளைந்துகொண்டே வந்தது, திடீரென்று விறைத்து ஓரத்தில் விரிசல் விட்டது. ஏன்?

அடிக்க அடிக்க உலோகம் இறுகும்மா. இரும்பும் இறுகும், அலுமினியத்தில் சீக்கிரம் தெரியும். இறுகியதை மறுபடி மெதுவாக்கக் காய்ச்ச வேண்டும். இரும்பு என்றால் சிவப்பைப் பார்த்து நிறுத்தலாம். அலுமினியம் சிவக்காது, 660 டிகிரியில் நிறம் மாறாமலேயே உருகிக் கீழே கொட்டிவிடும். அதனால் பழைய ஆட்கள் துணி சோப்பை வைத்திருப்பார்கள். தகரத்தின் மேல் சோப்பால் கோடு இழுத்து, பின்பக்கம் இருந்து தீயை ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். சோப்புக் கோடு பழுப்பாகி, கறுப்பானதும் தீயை எடுத்துவிட வேண்டும். ஆறியதும் மறுபடி மெழுகு மாதிரி வளையும். விரிசல் விட்ட பிறகு காய்ச்சிப் பயனில்லை, அடிக்கும்போது சுத்தியல் கையில் துள்ளி எழும்புகிறதே என்று தோன்றும் அந்த நேரத்தில் நிறுத்திக் காய்ச்சுங்கள். தகரம் வாங்கும்போதும் வெறுமனே அலுமினியம் என்று கேட்காமல், மடித்து உருவாக்க ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள், சில ரகம் பிறவியிலேயே விறைப்பு.

படிப்பு முடித்து இதிலேயே இறங்க ஆசை என்று கடிதத்தின் கீழே எழுதியிருக்கிறீர்கள். மிகவும் சந்தோஷம். ஐடிஐ-க்களில் ஷீட் மெட்டல் ஒர்க்கர் என்று ஓராண்டுப் பிரிவே இருக்கிறது. அந்தப் பாடத்தில் வருகிற விரிப்பு வரைபடத்தை, அதாவது உருவத்தைத் தட்டைத் தகரத்தில் விரித்து வரைவதை, நீங்கள் இப்போதே போட்டுப் பழகலாம்.

பெரியகுளம். ஜீப் வைத்திருக்கிறேன். நாலு மட்கார்டையும் அகலமாக்கி, பெரிய டயர் போட்டு ஓட்டலாம் என்று இருக்கிறேன். தகர வேலையை நானே செய்யலாமா?

தகர வேலைக்கு ஜீப்பை மிஞ்சிய பள்ளிக்கூடம் கிடையாது. பழைய ஜீப்பில் பெரும்பாலும் தட்டைத் தகரமும் ஒற்றை வளைவும்தான். போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்புகளைப் பாருங்கள், எத்தனை ஒட்டு, எத்தனை மடிப்பு. ஆனால் நீங்கள் கேட்பது பழுது பார்ப்பது இல்லை, மாற்றுவது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, ஆர்சி-யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறுபடுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. அரித்துப்போன மட்கார்டை அதே அளவில், அதே வடிவத்தில் புதிதாகச் செய்து மாட்டுவதில் யாருக்கும் பிரச்சினை இல்லை, அதைச் செய்யுங்கள். பெரிய டயர், அகல மட்கார்டு எல்லாம் வேண்டும் என்றால், தகரத்தை வெட்டுவதற்கு முன்னால் ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

பழங்காநத்தம். சந்துக்குள் வீடு. தட்டுகிற சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். சத்தம் குறைய வழி உண்டா?

உண்டு. கட்டையை சிமென்ட் தரையில் நேராக வைக்காமல், மணல் நிரப்பிய பழைய லாரி டயருக்கு நடுவில் உட்கார வையுங்கள், பாதிச் சத்தம் அங்கேயே அடங்கிவிடும். தகரம் ஆடிக்கொண்டு நிற்பதால் வருகிற சத்தம்தான் அதிகம், அதனால் அடிக்காத பக்கத்தில் மணல் மூட்டை ஒன்றைச் சாய்த்து வையுங்கள். உருவாக்குகிற வேலை முழுவதையும் கொட்டாப்புளியால் செய்யுங்கள், இரும்புச் சுத்தியலைக் கடைசி மட்டத்துக்கு மட்டும் எடுங்கள். உங்கள் காதுக்கும் அடைப்பான் கட்டாயம், சந்துச் சுவரில் எதிரொலித்துத் திரும்ப வருகிற சத்தம் இன்னும் மோசம். பக்கத்து வீட்டில் எந்த நேரம் சௌகரியம் என்று நேரில் போய்க் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் அந்த மாதம் காகிதத்தில் அச்சு வெட்டுவது, சுத்தியல் முகத்தைத் தேய்ப்பது மாதிரிச் சத்தமில்லாத வேலைகளைப் பாருங்கள்.